இரவல் கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது

படம் எடுக்கப் பழகும் தம்பி தங்கைகளுக்கு:

1. ஞாயிற்றுக்கிழமை தருவதாகச் சொன்னால் ஞாயிறே கொண்டுபோய்க் கொடுங்கள். கேமரா கொடுத்தவருக்கு அடுத்த முகூர்த்தத்துக்கு வேலை இருக்கலாம். வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்.

2. கொடுப்பதற்கு முன் அரைமணி நேரம் அதோடு உட்காருங்கள். பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போடுங்கள். உங்கள் படங்களைக் கணினிக்கு மாற்றி, ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்த்த பிறகே கார்டிலிருந்து அழியுங்கள். கார்டும் அவருடையது என்றால் ஃபார்மேட் போடவே கூடாது. அவருடைய பழைய படங்களும் சேர்ந்து போய்விடும். இருட்டில் எடுக்க ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றியிருப்பீர்கள், இறக்கி வையுங்கள். மறந்தால், மறுநாள் பட்டப்பகலில் அவர் எடுக்கும் படங்களும் புள்ளி புள்ளியாக வரும். காசிமேடு கடற்கரைக்குப் போய் வந்திருந்தால் உப்புக்காற்று படிந்திருக்கும். மெல்லிய துணியை லேசாக நனைத்துப் பிழிந்து, வெளிப்பாகத்தை மட்டும் துடையுங்கள். லென்ஸில் தூசி இருந்தால் ப்ளோயரால் ஊதுங்கள். சட்டை நுனியால் தேய்த்தால் மணல் கீறிவிடும். சென்சாரில் கை வைக்காதீர்கள்.

3. கீறல் விழுந்திருந்தால் அவர் கண்ணில் படும் முன் நீங்களே காட்டுங்கள். சரிசெய்யும் செலவும் உங்களுடையது.

4. திருப்பிக் கொடுத்த மறுநாளே கை பரபரக்கும். நமக்கென்று ஒன்று வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். அது இல்லாதவர் இந்தத் தொழிலில் நிலைத்து நான் பார்த்ததில்லை. ஆனால் அதே சூட்டில் தவணைக்குக் கேமரா எடுக்க ஓடாதீர்கள். எடுத்த படங்களைத் திறந்து பாருங்கள். எந்தக் குவியத் தூரத்தில், என்ன ஷட்டர் வேகத்தில் எடுத்தீர்கள் என்பது ஒவ்வொரு கோப்பிலும் பதிவாகியிருக்கும். 18–55 மி.மீ. ஜூமில் பாதிப் படங்களுக்கு மேல் 18லேயே நிற்கிறதா? தெருவும் கூட்டமும் உங்களை இழுக்கின்றன. அந்த ஜூமே போதும். 55ல் போய் முட்டிக்கொண்டு நிற்கிறதா? நீங்கள் முகங்களைத் தேடுகிறவர். விலை குறைந்த 50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸுக்குக் காசு சேருங்கள். ஒரே லென்ஸா என்று தயங்க வேண்டாம். புகைப்படக் கலைஞர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் ஒரு 50 மி.மீ. லென்ஸோடே உலகம் சுற்றியவர்.

5. சொந்தக் கேமரா வரும்வரை கைபேசியில் எடுங்கள். கண் பழக அது போதும்.

6. பழைய கேமரா வாங்கலாம், தப்பில்லை. ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். நிக்கான் டி5600 போன்றவற்றின் ஷட்டரை 1 லட்சம் முறை அடித்துச் சோதித்திருக்கிறார்கள். அதை நெருங்கியிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். லென்ஸைக் கழற்றி, வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி நூல்போல இழை ஓடினால் அது பூஞ்சை. நம் கடலோர ஈரக்காற்றில், பையிலேயே மூடிக்கிடந்த லென்ஸுக்கு அது சுலபமாக வரும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.