சொந்தமாக ஒரு டாரட் கட்டு

டாரட் கட்டில் மொத்தம் 78 சீட்டுகள். உங்கள் படங்களை இன்டர்நெட் வழியே அனுப்பினால், அச்சிட்டு வெட்டி, பெட்டியில் போட்டு அனுப்பும் நிறுவனங்கள் உள்ளன. அமெரிக்காவின் தி கேம் கிராஃப்டர் அவற்றில் ஒன்று. ஒரே ஒரு கட்டுகூட ஆர்டர் செய்யலாம்.

சீட்டின் அளவு 2.75 x 4.75 அங்குலம். ஆனால் பைலை இதே அளவில் தயாரிக்காதீர்கள். வெட்டும்போது கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். 78 சீட்டும் வீண். எனவே நான்கு பக்கமும் 1/8 அங்குலம் கூட்டி 3 x 5 அங்குலமாக வையுங்கள். 300 டிபிஐ-யில் இது 900 x 1500 பிக்சல். இலவச கிம்ப் புரோகிராமில் பைல் மெனுவில் நியூ கிளிக் செய்து இந்த எண்களைக் கொடுக்கவும். எழுத்துகள் விளிம்பிலிருந்து 75 பிக்சலாவது உள்ளே இருக்கட்டும்.

பின்பக்கப் படம் தலைகீழாகத் திருப்பினாலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தலைகீழாக விழும் சீட்டுக்கு வேறு பலன் சொல்வார்கள். பின்பக்கமே அதைக் காட்டிக்கொடுத்தால் சுவாரசியம் ஏது? நான் பாதியை மட்டும் வரைந்து, காப்பி செய்து, 180 டிகிரி திருப்பி ஒட்டிவிடுவேன்.

வரைய வராதா? பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்து 1909-ல் லண்டனில் வெளியான படங்களுக்கு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இப்போது பதிப்புரிமை இல்லை. பிற்காலத்தில் புதிதாக வண்ணம் தீட்டி வெளியிட்ட கட்டுகளை மட்டும் ஸ்கேன் செய்யாதீர்கள்.

பைல்களுக்கு 01 முதல் 78 வரை பெயரிடுங்கள். அப்லோட் செய்யும்போது ஒன்று விடுபட்டாலும் உடனே தெரிந்துவிடும்.