மரம் கருகினால் முதலில் மீட்டரை எடுங்கள்

மேச்சேரியில் மரப்பட்டறை வைத்திருப்பவர்களுக்கு மாலை ஆறரை மணி ஒரு சோதனை நேரம். காலையில் வேப்பம்பலகையைக் கீறிப் போட்ட அதே டேபிள் ரம்பம், விளக்கு வைக்கும் நேரத்தில் முனகும். அறுத்த ஓரம் கறுத்துப் போகும், புகை வாசம் வரும். பிளேடு மழுங்கிவிட்டது என்று கழற்றிச் சாணைக்குக் கொடுப்போம். வந்த பிளேடு மறுநாள் காலையில் நன்றாக அறுக்கும், மாலையில் திரும்பவும் கருக்கும். இப்படி மூன்று தடவை சாணைக்கூலி கொடுத்த பிறகுதான் எனக்கு மல்டிமீட்டரைப் பிளக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றியது. 183 வோல்ட் காட்டியது.

அன்றைக்குக் கற்றதுதான் இந்தக் கட்டுரை. டேபிள் ரம்பத்தில் கரண்டுக் கோளாறு பிளேடுக் கோளாறு போல வரும். பிளேடுக் கோளாறு கரண்டுக் கோளாறு போல வரும். பிசின் ஏறிய பிளேடு எம்சிபியை விழவைக்கும், குறைந்த வோல்டேஜ் மரத்தைக் கருக்கும். அதனால் கண்ணில் பட்டதைக் கழற்றாமல் வரிசையாகப் பார்க்க வேண்டும்: கரண்டு, மோட்டார், பெல்ட், கடைசியில் பிளேடு.

கை வைக்கும் முன்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, உங்கள் கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். மூன்று பேஸ் இணைப்பாக இருந்தால் மெயின் சுவிட்சை இறக்கி, ஃபியூஸ் கட்டை மூன்றையும் உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் குனிந்து பிளேடைப் பிடித்திருக்கும்போது, உள்ளே வருகிற பையன் "கரண்டு இல்லையாண்ணா" என்று மெயினைத் தூக்கிவிட்டாலும் விரல் பிழைக்கும். தோளில் துண்டு, கையில் கையுறை இரண்டும் வேண்டாம். சுழலும் பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுக்கும்.

மீட்டரால் வோல்டேஜ் அளப்பது வரை நாமே செய்யலாம். ஸ்டார்டர் பெட்டிக்குள்ளும் மெயின் போர்டிலும் வயர் மாற்றும் வேலையை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

கரண்டு: நான்கு அளவுகள்

சிங்கிள் பேஸில் 230 வோல்ட் வரவேண்டும். 6 சதவீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216 முதல் 244 வரை சரி. மெஷின் நிற்கும் பிளக்கில் ஒரு தடவை, மீட்டர் போர்டுக்குப் பக்கத்துப் பிளக்கில் ஒரு தடவை அளந்து எழுதுங்கள். பிறகு ஒருவர் மெஷினைப் போட, அது கிளம்பும் நொடியில் இரண்டு இடத்திலும் திரும்ப அளக்க வேண்டும்.

மெஷின் ஓடாதபோதே இரண்டு இடத்திலும் 185 என்றால் கோளாறு வெளி லைனில். போர்டில் 220 நின்று, மெஷின் பக்கம் மட்டும் 180க்கு விழுந்தால் கோளாறு உங்கள் வயரில்.

இந்த இரண்டாவது வகைதான் நம் பட்டறைகளில் அதிகம். 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது 11, 12 ஆம்பியர் இழுக்கும். கிளம்பும் நொடியில் அதைப்போல ஐந்து மடங்கு, கிட்டத்தட்ட 60 ஆம்பியர். வாசலில் வைத்து அறுக்கலாம் என்று 30 மீட்டர் எக்ஸ்டென்ஷன் போடுகிறோம். அது 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாக இருந்தால், போக வர 60 மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 1.1 ஓம். கிளம்பும் நொடியில் 65 வோல்ட் வயரிலேயே செத்துவிடும். 2.5 சதுர மில்லிமீட்டரில் இழப்பு 26 வோல்ட் அளவுக்கு இறங்கும், 4இல் 17க்கு. வயரைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டினால் சூடாகி இன்சுலேஷன் இளகும். முழுவதும் பிரித்துப் போடுங்கள்.

வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230க்குப் பதில் 180 வந்தால் குறைவு ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் கிளம்பும் விசையில் 61 சதவீதம்தான் மிஞ்சும். பலம் குறைந்த மோட்டார் வேகம் இறங்கி, கூடுதல் ஆம்பியர் இழுத்துச் சூடாகிறது. பல் மரத்தைச் சீவுவதற்குப் பதிலாகத் தேய்க்கிறது. அதுதான் கருகல்.

"மேட்டூரைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு லோ வோல்டேஜா" என்று இங்கே எல்லோரும் ஆற்றாமைப்படுகிறோம். 1934இல் கட்டி முடித்த அணை, 1,440 மெகாவாட் அனல் மின் நிலையம், இரண்டும் நமக்கு அக்கம்பக்கம்தான். ஆனால் அங்கே உற்பத்தியாகிற மின்சாரம் உயர் அழுத்தத்தில் பொதுத்தொகுப்புக்குப் போய், துணை மின் நிலையம் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்கு வந்து, கடைசியில் தெருக்கம்பியில் நம்மிடம் வருகிறது. நம் பட்டறை அந்தக் கம்பியின் வால்முனையில் இருந்தால், நடுவில் இருக்கும் தறி, பம்புசெட், வீடு எல்லாம் இழுத்த மிச்சம்தான் நமக்கு. எனவே புகார் கொடுக்கும்போது "கரண்டு சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஒரு வாரத்துக்குக் காலை, மதியம், மாலை அளந்த எண்களை எழுதிக்கொண்டு மின்வாரிய அலுவலகத்துக்குப் போங்கள், அல்லது அவர்களின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள். ஒரு பேஸில் மட்டும் பாரம் குவிந்திருந்தால் இணைப்பை வேறு பேஸுக்கு மாற்றித் தருவது அவர்களுக்குச் சிறிய வேலை.

மோட்டார்: முனகல், டிரிப், எதிர்ச்சுற்று

சுவிட்ச் போட்டதும் "ம்ம்ம்" என்று முனகி, சுழலாமல் நிற்கிறதா? உடனே அணையுங்கள். அந்த நிலையில் காயில் வேகமாகச் சூடாகும். பிளேடைக் கையால் சுழற்றிவிட்டுக் கிளப்பும் பழக்கம் சிலரிடம் உண்டு. விரலைப் பணயம் வைத்து ஒரு நிமிடம் மிச்சப்படுத்துவது அது. செய்யவே செய்யாதீர்கள்.

சிங்கிள் பேஸில் இந்த முனகலுக்குக் காரணம் பெரும்பாலும் கெப்பாசிட்டர் அல்லது மோட்டாருக்குள் இருக்கும் சென்ட்ரிஃபியூகல் சுவிட்ச். கெப்பாசிட்டரைத் தொடுமுன் 100 வாட் குண்டு பல்பின் இரண்டு வயரையும் அதன் முனைகளில் வைத்துச் சேமிப்பைத் தீர்த்துவிடுங்கள். பிளக் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். தலை உப்பியிருந்தாலும், எண்ணெய் கசிந்திருந்தாலும், மீட்டரில் அச்சிட்ட அளவைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாகக் காட்டினாலும் மாற்ற வேண்டியதுதான். புதியதில் மைக்ரோஃபாரட் அதே எண்ணாக இருக்கட்டும். வோல்ட் கூடலாம், குறையக் கூடாது.

கெப்பாசிட்டர் நன்றாக இருந்தால் சென்ட்ரிஃபியூகல் சுவிட்சைச் சந்தேகியுங்கள். நல்ல மோட்டாரை அணைத்தால், வேகம் குறையும்போது உள்ளே "டிக்" என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சுவிட்ச் திரும்பி உட்காரும் சத்தம் அது. கேட்கவில்லை என்றால், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். அதைவிட அதிகமாக, பாயின்டுக்கு நடுவே மரத்தூள் அடைத்திருக்கும். மரப்பட்டறை மோட்டாருக்கென்றே வரும் வியாதி இது. மூடியைக் கழற்றி ஊதி, நைஸ் சேண்ட் பேப்பரால் பாயின்டைத் துடைத்தாலே பாதி மோட்டார்கள் எழுந்துவிடும். இதைப் பார்க்காமல் "காயில் போச்சுங்க" என்று வைண்டிங்குக்குத் தூக்கிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒரு தடவை கொடுத்தேன்.

மூன்று பேஸ் மோட்டார் முனகினால் ஒரு பேஸ் வரவில்லை என்று அர்த்தம். ஃபியூஸ் பார்க்கவும், கான்டாக்டர் பாயின்ட் தீய்ந்திருக்கிறதா பார்க்கவும். சிங்கிள் பேஸ் பிரிவென்டர் இல்லாத ஸ்டார்டரில் மூன்று பேஸ் மோட்டாரை நம்பி ஓட்டுவது என் மனதுக்கு ஒப்பாது.

லைனில் வேலை நடந்த மறுநாள் மெஷினை முதலில் மரமில்லாமல் ஒரு நொடி போட்டு அணைத்துப் பாருங்கள். இரண்டு பேஸ் இடம் மாறியிருந்தால் பிளேடு எதிர்ப்பக்கம் சுற்றும். அறுக்காது என்பது மட்டும் பிரச்சினை இல்லை. வழக்கமான சுழற்சியில் இறுகும்படி வெட்டிய நட்டு எதிர்ச்சுழற்சியில் தளர்ந்து கழன்றுவிடலாம். ஏதாவது இரண்டு பேஸை மாற்றிப் போட்டால் சரியாகும்.

அடிக்கடி விழும் எம்சிபியின் நேரத்தைக் கவனியுங்கள். போட்ட நொடியே விழுந்தால் ஷார்ட்டோ, மோட்டாருக்குப் பொருந்தாத வகை எம்சிபியோ. பத்து நிமிடம் அறுத்த பிறகு ஓவர்லோடு ரிலே விழுந்தால் மோட்டார்மேல் பாரம் அதிகம். அப்போது பிளேடைப் பாருங்கள். ரிலேயின் திருகை மேலே ஏற்றிவைத்து வேலையை முடிக்காதீர்கள். அது மோட்டாரின் பெயர்ப்பலகையில் உள்ள ஆம்பியரில்தான் நிற்க வேண்டும். மழை நாளில் மட்டும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் சுவிட்ச் பெட்டிக்குள் ஈரமான தூள் ஒட்டியிருக்கும்.

இன்னொன்று, எர்த். நம் மண் வறண்டது, பல இடங்களில் சில அடியிலேயே பாறை தட்டும். கோடையில் எர்த் குழி காய்ந்து கிடந்தால் மெஷின் உடம்பில் "சுரீர்" என்று அடிக்கும். குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். அதோடு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றும் போடுங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பது இதில் கிடையாது.

சின்ன போர்ட்டபிள் ரம்பம் என்றால் கெப்பாசிட்டர் இருக்காது, கார்பன் இருக்கும். உள்ளே பொறி பெரிதாகப் பறந்தால் கார்பனைக் கழற்றுங்கள். 6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள்.

பெல்ட்

மரமில்லாமல் நன்றாகச் சுற்றி, மரம் தொட்டதும் மோட்டார் சத்தம் மாறாமல் பிளேடு மட்டும் நின்றால் பெல்ட் வழுக்குகிறது. இறுக்குங்கள், ஆனால் பேரிங் அலறும் அளவுக்கு வேண்டாம். புல்லி மாற்றினால் வேகம் மாறும்: 1440 சுற்று மோட்டாரில் 5 அங்குலப் புல்லி, ஷாஃப்டில் இரண்டரை அங்குலம் என்றால் பிளேடு 2880 சுற்று. பிளேடின்மேல் அச்சிட்ட உச்ச வேகத்தை ஒருபோதும் தாண்டக் கூடாது.

பிளேடு: கருகல் எங்கே என்று பாருங்கள்

வோல்டேஜ் சரி, மோட்டார் சரி, பெல்ட் சரி. இப்போதுதான் பிளேடின் முறை. கருகிய துண்டைத் தூக்கி எறியாதீர்கள், வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கைடு பக்கத்து ஓரம் மட்டும் கருகியிருந்தால் கைடு பின்னால் போகப் போக உள்ளே சாய்ந்து, மரத்தைப் பிளேடோடு நெரிக்கிறது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பல் மழுங்கியிருக்கிறது அல்லது பிசின் ஏறியிருக்கிறது. வளைவான கறுப்புக் கோடு ஒரே இடத்தில் இருந்தால், கை மாற்றும்போது அங்கே தள்ளுவதை நிறுத்தியிருக்கிறீர்கள், மெஷின்மேல் குற்றமில்லை. அறுப்பின் கடைசிப் பாதியில் மட்டும் கருகினால் மரமே வாயை மூடுகிறது. சரியாகக் காயாத வேம்பிலும் வாகையிலும் உள்ளே இழுவை இருக்கும். அறுத்த பிளவு பின்னால் ஒட்டிக்கொண்டு பிளேடைக் கவ்வும். பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிளவுத்தகடு இதற்காகத்தான். இடைஞ்சல் என்று முதல் நாளே கழற்றி மூலையில் போட்டிருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். 2880 சுற்றில் 10 அங்குலப் பிளேடின் பல் நொடிக்கு 38 மீட்டர் போகிறது, மணிக்கு 137 கிலோமீட்டர் அளவு. கவ்விய பிளேடு அந்த வேகத்தில்தான் பலகையை உங்கள் வயிற்றுக்கு எறியும். நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும், கடைசி ஒரு சாண் நீளத்தைக் கையால் தள்ளாமல் தள்ளுகட்டையால் தள்ள வேண்டும்.

பிசினா, மழுங்கலா? பிளேடைக் கழற்றிப் பாருங்கள். நட்டு பிளேடு சுழலும் திசையில் திருப்பினால் கழலும். பல்லின் பக்கங்களில் பழுப்புப் படலம் இருந்தால் பிசின். வெந்நீரில் துணி சோப்புத்தூள் கரைத்து அரை மணி ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, லேசாக எண்ணெய் தடவுங்கள். காஸ்டிக் சோடா வேண்டாம். அது கார்பைடைப் பிடித்திருக்கும் பிணைப்பை அரிக்கும். சுத்தமான பல்லின் முனையை நகத்தின்மேல் மெதுவாக இழுத்தால் நகத்தைச் சீவ வேண்டும். வழுக்கினால் சாணைக்குக் கொடுக்கலாம். இந்தச் சோதனைக்கு முன்னால் சாணைக்குக் கொடுப்பது காசுக்குக் கேடு.

தேக்கில் மணற்சத்து உண்டு, பல்லைச் சீக்கிரம் தேய்க்கும். தென்னை இன்னும் மோசம். இடித்த வீட்டின் பழைய நிலை, கதவு என்றால் காந்தத்தை மேலே ஓட்டி ஆணி தேடாமல் மேசையில் ஏற்றாதீர்கள். ஒரு பல் பறந்துவிட்டாலும் அந்தப் பிளேடு சாணைக்கடையில் புதுப் பல் வைக்கும்வரை ஓய்வெடுக்கட்டும்.

பல்லின் எண்ணிக்கையும் கோளாறாக வேஷம் போடும். நீளவாக்கில் கீறுவதற்கு 24 பல் பிளேடு. குறுக்கே வெட்டவும் பிளைவுட்டுக்கும் 60 முதல் 80. 80 பல் பிளேடில் இரண்டு அங்குலக் கருவேலைக் கீறினால் புதுப் பிளேடும் கருக்கும், ரிலேயும் விழும். தூள் வெளியேற இடமில்லை என்பதுதான் காரணம்.

நேர் பார்ப்பது எளிது. ஒரு பல்லில் சாக்பீஸ் குறி போடுங்கள். மேசைக் காடியிலிருந்து அந்தப் பல்லுக்கு முன்பக்கம் எவ்வளவு தூரம் என்று அளந்து, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய்த் திரும்ப அளங்கள். வேறு பல்லை அளந்தால் பிளேடின் கோணலும் கணக்கில் சேர்ந்துவிடும். வித்தியாசம் ஒரு காகிதத்தின் கனத்துக்கு மேல் போனால் மேசை போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வேண்டும். பிறகு கைடையும் காடிக்கு இணையாக வையுங்கள். பிளேடு ஆடினால் முதலில் ஷாஃப்ட் வாஷரைத் துடையுங்கள். அங்கே ஒட்டிய ஒரு பொட்டுத் தூள், பத்து அங்குல ஓரத்தில் கண்ணுக்குத் தெரியும் ஆட்டமாகும். துடைத்தும் ஆடினால் வேறு பிளேடு மாட்டிப் பாருங்கள். அதுவும் ஆடினால் பேரிங்.

வாகை அறுக்கும் நாளில் முகத்தில் கவசம் கட்டுங்கள். அதன் தூள் தும்மலை நிறுத்தவிடாது, தும்மும்போது கை எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

என் பட்டறைக்கு இணைப்பை வேறு பேஸுக்கு மாற்றித் தந்தார்கள். எக்ஸ்டென்ஷனை 4 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றினேன். இப்போது ஆறரை மணிக்கு 207 வருகிறது. போதாது. கனமான சட்டங்களைக் காலையிலேயே கீறிவிட்டு, மாலையில் பட்டைத்தாள் போடுவதையும் கீல் மாட்டுவதையும் வைத்துக்கொள்கிறேன். மீட்டர் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, ஓரம் கறுத்தால் கை முதலில் அங்கேதான் போகிறது.