கடலோரக் கூடாரமும் இருபதாம் கோடும்
(இன்சுலின் போட்டுக்கொள்வோர் வெளியூர் முகாமுக்குச் செல்லுமுன் அறிய வேண்டியவை)

ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறந்ததும் எங்கள் நீரிழிவுப் பிரிவில் ஒரே கேள்வி பலமுறை கேட்கப்படுகிறது. "மகன் மெல்போர்னில் இருக்கிறான், டாக்டர். மூன்று மாதம் வந்து இருந்துவிட்டுப் போகச் சொல்கிறான். போகலாமா?" பயண நாள், விமானத்தில் உணவு நேரம், மருந்துச் சீட்டு ஆகியவற்றைப் பற்றிப் பேசி, போய்வாருங்கள் என்று நாங்கள் அனுப்பிவைப்போம். அங்கே போய் எங்கே தங்குவீர்கள் என்று நாங்கள் கேட்பதில்லை. மகன் வீட்டில்தானே தங்குவார்கள் என்பது எங்கள் எண்ணம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை ஒரு நோயாளியின் அனுபவம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அவருடைய ஒப்புதலுடன், அடையாளம் தெரியாதவாறு, அதை இங்கே எழுதுகிறோம்.

அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது அறுபத்து நான்கு. பன்னிரண்டு ஆண்டுகளாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். ஒரு வேளை கூடத் தவறாதவர். காலையிலும் இரவிலும் இருபது யூனிட். மகனும் மருமகளும் அவரையும் அவர் மனைவியையும் கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்க அழைத்துச் சென்றார்கள்.

முகாம் இருக்கும் இடம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வில்சன்ஸ் புரொமான்டரி என்னும் தேசியப் பூங்கா உள்ளது. அந்தக் கண்டத்து நிலப்பரப்பின் தென்கோடி முனை இதற்குள்தான் இருக்கிறது. 1898ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்ட இடம். மெல்போர்னிலிருந்து காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். பூங்காவின் எல்லையைத் தாண்டி முப்பது கிலோமீட்டர் உள்ளே சென்றால் டைடல் ரிவர் என்னும் முகாம் திடல் வரும். கருங்கல் பாறைகளும், அடி வைத்தால் கீச்சிடும் வெண்மணலும், பின்னால் 558 மீட்டர் உயரமுள்ள ஓபரான் மலையும் கொண்ட அழகிய இடம். கோடை விடுமுறைக்கு அங்கே இடம் கிடைப்பது அரிது. பல ஆண்டுகளாகக் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள். ஆகவே இடம் கிடைத்த குடும்பம் எளிதில் அதை விட்டுவிடாது.

அங்கே மின்வசதியுள்ள மனைகள் குறைவு. பெரும்பாலோர் உணவையும் பாலையும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொள்கிறார்கள். விறகு மூட்டி நெருப்பு வளர்க்க அனுமதி கிடையாது. எரிவாயு அடுப்பில் சமைத்துக்கொள்ள வேண்டும். பூங்காவின் பல பகுதிகளில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. அருகிலுள்ள மருத்துவமனை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தொலைவில், ஃபாஸ்டர் என்னும் சிற்றூரில் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. வாம்பட் என்னும் விலங்கு இரவில் கூடாரங்களுக்கிடையே நடமாடும். குட்டையான கால்களும் தடித்த உடலும் கொண்ட, வளை தோண்டி வாழும் பிராணி. ஆளைத் தேடி வராது. ஆனால் உணவின் மணம் பட்டால் கூடாரத் துணியையே கிழித்துவிடும். அதனால் உணவுப் பொருள் அனைத்தையும் இரவில் காருக்குள் வைத்துப் பூட்டிவிடுவது அங்குள்ளோர் வழக்கம்.

இரண்டாம் நாள் இரவு

ஆசிரியரின் இன்சுலின் புட்டி ஐஸ் பெட்டியில், பனிக்கட்டியை ஒட்டியபடியே கிடந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தபோது மருந்து உறைந்து இளகியிருந்தது. புட்டியின் உட்புறத்தில் வெள்ளைத் துகள்கள் ஒட்டியிருந்தன. கெட்டுப்போன மருந்து என்று அவரே சரியாகக் கண்டுகொண்டார். மகன் அவரை ஊருக்குள் அழைத்துச் சென்று, அங்குள்ள மருத்துவரிடம் சீட்டு எழுதி வாங்கி, புதிய புட்டி வாங்கிக்கொடுத்தார். கடையில் புதிய ஊசிகளும் தரவா என்று கேட்டார்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த ஊசி ஒரு பெட்டி நிறைய இருக்கும்போது வீண்செலவு எதற்கு என்று இவர் மறுத்துவிட்டார்.

அன்று மாலை மலையேறிவிட்டு வந்தார்கள். இரவு உணவுக்கு முன் வழக்கம்போல் இருபதாம் கோடு வரை மருந்தை ஏற்றிப் போட்டுக்கொண்டார். நள்ளிரவில் அவர் மனைவி விழித்தபோது கணவரின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கூப்பிட்டால் பொருத்தமில்லாத பதில் வந்தது. சர்க்கரையும் குளுக்கோமீட்டரும் உணவுப் பையோடு காரில் பூட்டிக் கிடந்தன. இருட்டில் சாவியைத் தேடுவதற்குள், அடுத்த கூடாரத்துப் பெண்மணி தம் கருவியையும் ஒரு கை நிறைய ஜெல்லி மிட்டாயையும் கொண்டுவந்தார். கருவி 2.1 என்று காட்டியது. இருநூற்றுப் பத்தா, கருவி பழுதா என்று மகனுக்கு விளங்கவில்லை. "தாழ்ந்திருக்கிறது, உடனே இனிப்பைக் கொடுங்கள்" என்றார் அந்தப் பெண்மணி. ஆசிரியரால் இன்னும் விழுங்க முடிந்தது, அதனால் பிழைத்தார். 000 என்னும் அவசர எண்ணை அழைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை கால் மணிக்கு ஒருமுறை ஏதாவது உண்ணக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் நண்பகல் வரை மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்தார்.

திரும்பி வந்தபின் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான். "நான் போட்டது அதே இருபது கோடுதானே, டாக்டர்?"

கோடு ஒன்று, மருந்து வேறு

இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வலிமைகளில் விற்கப்படுகிறது. புட்டியில் வரும் இன்சுலினில் பெரும்பாலானது ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் கொண்டது. பேனா ஊசியில் வருவது பெரும்பாலும் 100 யூனிட். ஆஸ்திரேலியாவில் 40 யூனிட் வகை கிடையாது. அங்கே புட்டியிலும் 100 யூனிட்தான்.

நம் ஊரில் 40 யூனிட் மருந்துக்குரிய ஊசிக்குழலுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் மருந்துக்குரியதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடி ஊசியில் இருபதாம் கோடு என்பது அரை மில்லி லிட்டர். அந்த அரை மில்லி லிட்டரில் நம்மூர் மருந்து 20 யூனிட் இருக்கும். அங்கு வாங்கிய மருந்தோ 50 யூனிட் இருக்கும். அதாவது இரண்டரை மடங்கு. ஆசிரியர் கணக்கில் பிழை செய்யவில்லை; கோட்டையும் தவறவிடவில்லை. கோட்டின் பொருள் மாறிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

அளவிடும் முறையும் அவ்வாறே. நாம் இரத்தச் சர்க்கரையை ஒரு டெசி லிட்டரில் எத்தனை மில்லி கிராம் என்று சொல்கிறோம். ஆஸ்திரேலியாவில் ஒரு லிட்டரில் எத்தனை மில்லி மோல் என்று சொல்கிறார்கள். அவர்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் நம் எண் கிடைக்கும். அங்கே 3.9 என்றால் இங்கே 70. அதற்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. அங்கே 5.6 என்றால் இங்கே 100. அங்கே 10 என்றால் இங்கே 180. அன்றிரவு காட்டிய 2.1, நம் கணக்கில் ஏறத்தாழ 38.

மலையேற்றமும் தன் பங்கைச் செய்தது. நெடுந்தூரம் நடந்தபின் தசைகள் பல மணி நேரம் வரை இரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். பகலில் நடந்த நடைக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்வது இதனால்தான்.

புறப்படுமுன் செய்ய வேண்டியவை

1. எங்கே தங்கப்போகிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

2. சிவப்பு மூடி ஊசி பயன்படுத்துவோர், பயணத்திற்குச் சில வாரங்கள் முன்னரே பேனா ஊசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். மாறினால், பழகிய பின்னரே புறப்படுங்கள். மாறாவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அந்நாட்டில் வாங்கும் மருந்துக்கு அந்நாட்டு ஊசி. புட்டியின் மேல் எழுதியுள்ள எண்ணும் ஊசியின் மேல் எழுதியுள்ள எண்ணும் ஒன்றாக இருந்தாலன்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

3. மருந்தின் பொதுப்பெயர், அளவு, நோயின் பெயர் ஆகியவற்றை ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தை எங்களிடம் பெற்றுக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தப் பயன்பாட்டிற்காக மூன்று மாதத்திற்குரிய மருந்து வரை எடுத்துச் செல்லலாம்.

4. முகாமுக்குப் போகும்போது, தங்கும் நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு வேண்டிய மருந்து கையில் இருக்கட்டும். 2011ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெய்த பெருமழையில் டைடல் ரிவருக்குச் செல்லும் சாலை துண்டிக்கப்பட்டு, முகாமில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் வெளியேற்ற நேர்ந்தது. இரண்டு நாளைக்கென்று போனவர் இரண்டு நாளில் திரும்புவார் என்பது உறுதியில்லை.

5. மருந்தை இரு பங்காக்கி இருவர் பையில் வையுங்கள்.

முகாமில் செய்ய வேண்டியவை

இன்சுலினுக்கு வெப்பமும் ஆகாது, உறைபனியும் ஆகாது. பயன்பாட்டில் உள்ள புட்டியோ பேனாவோ, பெரும்பாலான வகைகளில், வெயில் படாத இடத்தில் சாதாரண அறைவெப்பத்தில் நான்கு வாரம் வரை கெடாது. அதை ஐஸ் பெட்டியில் வைக்கத் தேவையே இல்லை. திறக்காத மருந்தை மட்டும் குளிரில் வையுங்கள். அதையும் ஒரு துவாலையில் சுற்றி, மூடியுள்ள டப்பாவில் இட்டு, பனிக்கட்டியின் மேல் படாதபடி வையுங்கள். ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகிய பின் தெளிவாகத் தோன்றினாலும் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. நிறுத்திய காருக்குள்ளும், உச்சிவெயிலில் கூடாரத்துக்குள்ளும் மருந்தை விட்டுச் செல்லாதீர்கள்.

சர்க்கரையும் குளுக்கோமீட்டரும் தலையணைக்கு அருகிலேயே இருக்க வேண்டும். வாம்பட்டுக்கு அஞ்சி இனிப்பைக் காரில் பூட்டினால் உயிருக்கு வேண்டியதைப் பூட்டியவர்கள் ஆவோம். குளுக்கோஸ் பொடியை மணம் வெளியேறாத இறுகிய மூடியுள்ள சிறு டப்பாவில் வைத்துக்கொண்டால் இரண்டு கவலையும் தீரும். டப்பா எங்கே இருக்கிறது என்பதை உடன் உறங்குபவர் இருட்டில் கைநீட்டி எடுத்துப் பழகியிருக்க வேண்டும்.

நடைக்கு முன்னும் பின்னும், படுக்குமுன்னும் சர்க்கரையைச் சோதியுங்கள். நீண்ட நடை உள்ள நாளில் இரவு அளவை எவ்வளவு குறைப்பது என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கடலில் தனியே இறங்காதீர்கள்.

பாதங்களைப் பற்றி ஒரு சொல். உணர்ச்சி குறைந்த பாதத்துக்குச் சுடுமணலும் தெரியாது, கூரிய சிப்பியும் தெரியாது. மணல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் காலணியின்றி நடக்க வேண்டாம். அங்கே கோடையிலும் இரவு குளிரும். காலுக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொள்வதும் கூடாது. கொப்புளம் எழுந்த பின்னரே தெரியவரும். கம்பளிக் காலுறை போதும்.

தாழ்சர்க்கரை வந்தால்

வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும்பசி, குழறும் பேச்சு, காரணமில்லாத சினம் ஆகியவை அடையாளங்கள். சோதிக்கக் கருவி இல்லையென்றால் தாழ்சர்க்கரை என்றே கொள்ளுங்கள். விழுங்க முடிந்தால் மூன்று அல்லது நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கலந்து கொடுங்கள். கால் மணி கழித்து மீண்டும் சோதியுங்கள். 70க்கு மேல் வராவிட்டால் மறுபடி கொடுங்கள். தேறியபின் ரொட்டி, சோறு போன்ற உணவு ஏதேனும் உண்ணட்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். அளவுக்கு மீறி இன்சுலின் போட்டுவிட்டதாகத் தெரிந்தால், நன்றாக இருப்பதுபோல் தோன்றினாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அதன் வேலை பல மணி நேரம் தொடரும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கக்கூடும். அந்த ஆசிரியரின் குடும்பத்திலும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். அடுத்த முறை பிள்ளைகள் போகட்டும், பெரியவர் மெல்போர்ன் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்கள். அதற்கு நாங்கள் உடன்படவில்லை. பேரப்பிள்ளைகள் கடலில் ஆடும்போது தாத்தா ஒருவர் மட்டும் பூட்டிய வீட்டில் தனியே இருப்பது மருத்துவம் கூறும் அறிவுரை ஆகாது. தனியே இருப்பவருக்கு இரவில் சர்க்கரை தாழ்ந்தால் எழுப்பவும் ஆளில்லை.

இந்த ஆண்டு அவர் பயணத்துக்கு ஆறு வாரம் முன்னரே வந்தார். பேனா ஊசிக்கு மாறிப் பழகிவிட்டார். இரு நாட்டு எண்களையும் எழுதிய அட்டை ஒன்றைத் தம் கையால் தயாரித்து, ஒரு படியை எங்களுக்கும் கொடுத்தார். அதை எங்கள் புறநோயாளிப் பிரிவின் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வெளிநாடு செல்வோர் அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கீழே, இப்போது நாங்கள் ஒவ்வொருவரிடமும் தவறாமல் கேட்கும் கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறோம்: "இரவில் எங்கே தங்குவீர்கள்?"