நாலு சக்கர இழுவை: புதிதாக வருபவர்களுக்குப் பத்துச் சொல்

ஆமத்தூர்ப் பக்கம் பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைகளும், முதன்முதலாகத் தார், குர்க்கா போன்ற நாலு சக்கர இழுவை வண்டி வாங்கும் இளவட்டங்களும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “அண்ணாச்சி, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எப்படிச் சிக்கும்?” சிக்கும். ஏன் சிக்குகிறது என்று புரிந்துகொண்டால் இந்தத் தொழிலில் பாதி கைக்கு வந்துவிடும். தம்பி தங்கச்சிகளே, அதற்குத்தான் இந்தப் பத்தும்.

1. டிஃபரன்ஷியல் எதற்கென்று முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஒன்றரை மீட்டர் உள்ள வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட ஏறத்தாழ 9.4 மீட்டர் அதிகம் ஓடும். வட்டம் சின்னதானாலும் பெரிதானாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கத்தான் டிஃபரன்ஷியல் கூட்டுக்குள் அத்தனை பல்சக்கரங்கள்.

2. சாதா டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் முறுக்குவிசையைச் சமமாகத்தான் கொடுக்கும். நடுவில் மட்டும் கட்டிய நுகத்தடியில் ஒரு மாடு இழுக்காமல் நின்றால், மற்ற மாட்டின் பலமும் வண்டிக்கு வந்து சேராது. ஐப்பசி மழையில் ஊறிய கரிசலில் நடப்பதும் இதுதான். ஒரு சக்கரம் சேற்றில் சுற்றும், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் அசையாது. பிடி குறைந்த சக்கரம்தான் மொத்த வண்டிக்கும் எல்லை வைக்கிறது. முன் ஆக்சில், பின் ஆக்சில், இரண்டுக்கும் நடுவே என மூன்று டிஃபரன்ஷியலும் சாதாவாக இருந்தால், ஒரே சக்கரம் வழுக்கினாலே வண்டி நின்றுவிடும். இந்த ஒன்றை மனதில் வைத்தால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

3. லாக் வேறு, லிமிடெட் ஸ்லிப் எனும் எல்.எஸ்.டி. வேறு. டிராக்டரில் காலுக்குக் கீழே இருக்கும் பெடலை மிதித்தால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகிவிடும். நேராக இழுக்கும்வரை அது நல்லது, திருப்பும்முன் விட்டுவிட வேண்டும். ஃபோர்ஸ் குர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே லாக் போடலாம். 2020இல் வந்த தாரின் சில மாடல்களில் பின் லாக் தானாக விழும். எல்.எஸ்.டி. அப்படி முழுதாகப் பூட்டாது. வித்தியாசத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டு, பிடி உள்ள பக்கம் விசையைக் கூட்டும்.

4. எல்.எஸ்.டி.யின் வகைகளைப் பிரித்துப் பாருங்கள். பிளேட் வகை உராய்வில் வேலை செய்யும், காலப்போக்கில் தேயும். டார்சன் போன்ற பல்சக்கர வகை தேய்மானம் குறைந்தது. ஆனால் அது பிடி குறைந்த பக்கத்து விசையைப் பெருக்கித்தான் மறுபக்கம் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் பெருக்க ஒன்றும் இருக்காது. அப்போது பிரேக்கை இலேசாகத் தொட்டால் மறுசக்கரத்துக்கு விசை போகும். விஸ்கஸ் வகை, வேக வித்தியாசம் கூடிய பிறகே சிலிக்கோன் எண்ணெய் வழியாகப் பிடிக்கும், ஆகவே தாமதமாகும்.

5. நடு டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியைத் தார்ரோட்டில் ஃபோர்-வீலில் ஓட்டாதீர்கள். திருப்பத்தில் முன்சக்கரங்கள் ஓடும் தூரம் வேறு, பின்சக்கரங்கள் ஓடும் தூரம் வேறு. காய்ந்த ரோட்டில் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் ஷாஃப்டிலும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் முறுக்கேறும். மண்ணில் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். ராலி ஓட்டுநர் கௌரவ் கில் சென்னை எம்.ஆர்.எஃப். அணிக்காக 2016, 2017 ஆண்டுகளில் ஆசிய-பசிபிக் ராலி பட்டம் வென்ற ஸ்கோடா ஃபேபியா ஆர்5 காரிலும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. முன்னும் பின்னும் எல்.எஸ்.டி. மட்டும்தான்.

6. எந்த வண்டியானாலும் விசை போகும் வழியைத் தாளில் வரைந்து பழகுங்கள். 1980இல் வந்த ஆடி குவாட்ரோவில் நடு, பின் டிஃபரன்ஷியல்களை ஓட்டுநரே பூட்ட வேண்டும். 1987இல் நடுவில் டார்சன் வந்தது. கையால் பூட்டும் அந்த முதல் குவாட்ரோவில்தான் 1981 சான் ரெமோ ராலியை மிஷேல் மூட்டான் வென்றார். உலக ராலிச் சுற்று ஒன்றை வென்ற முதல் பெண் அவர். 1989 நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். அடிப்படையில் பின்சக்கர வண்டி, தேவைப்படும்போது பிளேட் கிளட்ச் முன்சக்கரங்களுக்கு விசை அனுப்பும். டொயோட்டா ஜி.ஆர். யாரிஸில் இன்ஜின் குறுக்காக இருக்கிறது, கிளட்ச் விசையைப் பின்னுக்கு அனுப்புகிறது. வரையும்போது இன்ஜின் இருக்கும் இடத்தையும் குறியுங்கள்: இன்ஜின் எடை முன் ஆக்சிலுக்கு முன்னால் தொங்கினால், ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் மூக்கு வெளிப்பக்கம் தள்ளும். எந்த எல்.எஸ்.டி.யும் இதை முழுதாகச் சரிசெய்யாது.

7. நாலு டயரையும் ஒன்றுபோல வையுங்கள். 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள புது டயரோடு 5 மில்லிமீட்டர் தேய்ந்த டயரைப் போட்டால், கிலோமீட்டருக்கு ஆறேழு சுற்று வித்தியாசம் வரும். முன்னே புதிது, பின்னே பழையது என்றால், நடுவில் இருக்கும் கிளட்ச் ஓயாமல் வழுக்கிச் சூடேறிக் கருகும்.

8. சோதிக்கும்போது உயிரைப் பாருங்கள். டூ-வீலில் போட்டு, கியர் நியூட்ரலில், முன்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின் ஆக்சிலை ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு கையால் ஒரு சக்கரத்தைச் சுற்றுங்கள். மறுசக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றினால் பெரும்பாலும் சாதா. நல்ல பிளேட் எல்.எஸ்.டி. என்றால் அதே பக்கம் சுற்றும். டார்சனும் சாதா மாதிரி சுற்றலாம், அவசரப்பட்டு முடிவு சொல்லாதீர்கள். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு ஆக்சிலை மட்டும் தூக்கி இன்ஜினை ஓட்டவே கூடாது. தரையில் இருக்கும் சக்கரம் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளிவிடும்.

9. கியர் ஆயிலை இறக்கும்போது காந்த பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். கருஞ்சாம்பல் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். சில்லு விரலில் குத்தினால் பல் உடைந்திருக்கிறது, கூட்டைப் பிரித்தே ஆக வேண்டும். பிளேட் வகைக்கு அதற்கென்று சொன்ன ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். தவறினால் திருப்பத்தில் வண்டி அதிரும். இன்னொன்று: எங்கள் பக்கத்துப் பட்டாசுச் சரக்கு ஏற்றிய வண்டி சேற்றில் மாட்டினால் இன்ஜினை முறுக்கிச் சக்கரத்தைச் சுற்றவிட்டுச் சூடேற்றாதீர்கள். நிறுத்திவிட்டுப் பொறுப்பானவர்களைக் கூப்பிடுங்கள்.

10. நாலு சக்கர இழுவை கிளம்பும்போதும் வேகம் எடுக்கும்போதும்தான் துணை. பிரேக் அடிக்கையில் உங்கள் வண்டியும் பக்கத்துக் காரும் டயரை நம்பியே நிற்கின்றன. ஆகவே காசிருந்தால் முதலில் டயர், அடுத்து பிரேக், பிறகுதான் எல்.எஸ்.டி. வேகம் பழக ஆசையா? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளமும் கோவை கரி ஸ்பீட்வேயும் இருக்கின்றன, அங்கே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். விருதுநகர்–சிவகாசி ரோட்டில் சரக்கு வண்டிகளும் வேலைக்குப் போகிற சனங்களும் போகிறார்கள். அவர்கள் நடுவே நிதானமாக ஓட்டுங்கள்.