பழைய காருக்கு டைனமோ போதுமா?

கேள்வி: 1965-ஆம் ஆண்டு தயாரான எம்.ஜி.பி. கார் ஒன்றில் அசல் டைனமோவே இன்றும் இயங்குகிறது. இரவில் சிக்னலில் நிற்கும்போது முகப்பு விளக்குகள் மங்குவதும், டேஷ்போர்டில் சிவப்பு சார்ஜ் விளக்கு மினுங்குவதும் டைனமோ பழுதானதன் அடையாளமா? அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்னேட்டர் பொருத்துவது தகுமா?

பதில்: இவ்வறிகுறிகள் பழுதைக் காட்டிலும் டைனமோவின் இயல்பையே குறிக்கின்றன. அக்காலத்து எம்.ஜி.பி.யில் இருந்த லூகாஸ் சி40 டைனமோ 13.5 வோல்ட் அழுத்தத்தில் அதிக அளவாக 22 ஆம்பியர் மின்னோட்டம் தரக்கூடியது. ஆனால் அந்த அளவை எட்ட அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,250 சுற்றுகள் சுழல வேண்டும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும் ஐடிலிங் நிலையில் டைனமோவின் மின்னழுத்தம் பேட்டரியினுடையதைவிடத் தாழ்ந்துவிடும். அப்போது மின்சாரம் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குள் திரும்பிப் பாயாதிருக்க, ‘கட்-அவுட்’ எனப்படும் ரிலே இணைப்பைத் துண்டிக்கிறது. சிவப்பு விளக்கு எரிவதும், விளக்குகளின் சுமை முழுவதும் பேட்டரியின்மேல் விழுவதும் இதன் விளைவே.

டைனமோவை இன்னும் வேகமாகச் சுழலவிட்டால் இக்குறை தீராதா என்பதற்கான விடை அதன் அமைப்பில் இருக்கிறது. டைனமோவில் காந்தப்புலத்தை உண்டாக்கும் பீல்டு காயில்கள் அசையாமல் உடற்பகுதியில் பொருத்தப்பட்டிருக்க, மின்சாரம் பிறக்கும் ஆர்மேச்சர் நடுவில் சுழல்கிறது. அங்கே பிறப்பது மாறுதிசை மின்னோட்டம். அதை நேர்திசையாக்குவது, ஆர்மேச்சர் தண்டில் செம்புத் துண்டுகளால் ஆன கம்யூட்டேட்டரும் அதன்மீது உராயும் கார்பன் பிரஷ்களும் ஆகும். உற்பத்தியாகும் மின்னோட்டம் முழுவதும் இந்த உராயும் தொடர்பைக் கடந்தே வெளியேற வேண்டியிருப்பதால், மின்னோட்டத்தைக் கூட்டினால் தீப்பொறியும் தேய்மானமும் மிகும். வேகத்தைக் கூட்டினால் ஆர்மேச்சரின் கனத்த சுருள்கள் மையவிலக்கு விசையால் தம் பள்ளங்களிலிருந்து பிய்ந்து வெளியேறும்.

ஆல்டர்னேட்டர் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகிறது. அதில் காந்தப்புலமே ரோட்டாராகச் சுழல, மின்சாரம் பிறக்கும் சுருள்கள் ஸ்டேட்டராக அசையாமல் நிற்கின்றன. ஸ்லிப் ரிங் எனப்படும் வழவழப்பான வளையங்களின் வழியே ரோட்டாருக்குச் செல்வது சில ஆம்பியர் மட்டுமே என்பதால் பிரஷ்கள் நெடுங்காலம் உழைக்கின்றன. ரோட்டார் அதிக வேகத்தைத் தாங்குவதால் சிறிய புல்லியைப் பொருத்தி, ஐடிலிங்கிலும் பயனுள்ள அளவு மின்சாரம் பெற முடிகிறது. மாறுதிசை மின்னோட்டத்தை நேராக்கும் வேலையை, ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடும் சிலிக்கான் டயோடுகள் ஏற்கின்றன. அவையே திரும்பு மின்னோட்டத்தையும் தடுப்பதால் கட்-அவுட்டுக்கும் தேவை இல்லாமல் போகிறது. இத்தகைய டயோடுகள் கட்டுப்படியாகும் விலைக்கு வந்த பிறகே இம்மாற்றம் சாதாரணக் கார்களுக்கு எட்டியது: கிறைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டின் வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரை வழக்கமான உறுப்பாக அளித்தது, எம்.ஜி.பி.யோ 1967-இன் இறுதியில் வந்த இரண்டாம் பதிப்பில்தான் 34 ஆம்பியர் தரும் லூகாஸ் 16ஏசி-க்கு மாறியது.

ஆயினும் மாற்றம் தேவையா என்பதை காரின் மின்சுமையே தீர்மானிக்க வேண்டும். முகப்பு விளக்குகளுக்கு 90 வாட், சிறு விளக்குகளுக்கு 30 வாட், இக்னிஷனுக்கும் வைப்பருக்கும் சேர்த்து 80 வாட் என்று கொண்டால் மொத்தம் 200 வாட். அது சுமார் 15 ஆம்பியர் மட்டுமே என்பதால், ஓடும் வண்டியில் நல்ல டைனமோ அதை எளிதில் ஈடுசெய்யும். முகப்பில் 55 வாட் ஹாலஜன் விளக்குகளும், ரேடியேட்டருக்கு 100 வாட் மின்விசிறியும் சேர்ந்தால் தேவை 23 ஆம்பியரைத் தாண்டும். நெரிசலில் இரவுப் பயணம் வழக்கமென்றால் ஆல்டர்னேட்டர் பொருத்துவதே முறை. பகலில் எப்போதாவது வெளியே வரும் காருக்கு அது வேண்டியதில்லை.

மாற்றுவதாயின் முதலில் பேட்டரியின் துருவத்தைக் கவனிக்க வேண்டும். 1965-இன் எம்.ஜி.பி.யில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையே காரின் உடலோடு இணைந்திருக்கும். வழக்கமான ஆல்டர்னேட்டர்களோ நெகட்டிவ் எர்த்துக்கு உரியவை என்பதால், துருவத்தை மாற்றாமல் இணைத்தால் டயோடுகள் அக்கணமே எரிந்துபோகும். துருவத்தை மாற்றும்போது, எஞ்சினின் வேகத்தைக் காட்டும் மின்னணு டேக்கோமீட்டரையும் ரேடியோவையும் அதற்கேற்பத் திருத்தவோ மாற்றவோ வேண்டும். கூடுதல் மின்னோட்டத்தைத் தாங்கத் தடித்த வயரும் வேண்டும். சார்ஜ் விளக்கின் வழியே வரும் சிறு மின்னோட்டமே ரோட்டாரின் காந்தப்புலத்தைத் தொடங்கிவைப்பதால், அந்த பல்பு எரிந்துபோனால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யாமலே இருந்துவிடக்கூடும். டைனமோவோ தன் இரும்பில் எஞ்சியிருக்கும் காந்தத்தன்மையைக் கொண்டே தொடங்கிவிடும்.

செலவில் இறங்குமுன் ஒரு சோதனை போதும். விளக்குகளை எரியவிட்டு, எஞ்சினை 2,500 சுற்றுகளில் ஓட்டி, பேட்டரி முனைகளில் வோல்ட்மீட்டரை வைத்தால் 13.5 வோல்ட்டை ஒட்டிய அளவு தெரிய வேண்டும். அப்படித் தெரிந்தால் டைனமோவில் குறையில்லை. அளவு தாழ்ந்திருந்தால், தளர்ந்த பேன் பெல்ட், துருவேறிய எர்த் இணைப்பு, தேய்ந்த பிரஷ் ஆகியவற்றைச் சரிபார்த்த பிறகே டைனமோவின்மீது பழி சுமத்துவது நியாயம்.