கொழுத்த குட்டி நலமான குட்டியா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நாம் சிறு வயது முதல் கேட்டு வரும் பழமொழி. திருக்குறளின் 'மருந்து' அதிகாரமும் அளவறிந்து உண்பதையே வலியுறுத்துகிறது. மனிதருக்குச் சொன்ன இந்த அறிவுரை நாய்க்குட்டிக்கும், குறிப்பாகப் பெரிய இன நாய்க்குட்டிக்கும் அப்படியே பொருந்தும் என்பதை நான் மிகவும் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

எங்கள் வீட்டுக்கு முதன்முதலில் வந்த நாய் ராஜா. நம் வட்டாரத்தில் அல்சேஷன் என்று அழைக்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தைச் சேர்ந்தவன். கடையில் வாங்கிய குட்டித் தீவனம் போதாதென்று அம்மா ஈரலும் சோறும் பிசைந்து வைப்பார். அப்பா காலையில் பால் மாவு கலக்கிக் கொடுப்பார். என் பங்குக்கு, எலும்பு வலுவாகட்டும் என்று மருந்துக் கடையில் சுண்ணாம்புச் சத்து மாத்திரை வாங்கி வந்து பொடித்துக் கலந்தேன். நான்கு மாதத்தில் ராஜா 22 கிலோ இருந்தான். தாமானில் நடத்திச் சென்றால் பார்ப்பவரெல்லாம் "நல்லா வளத்திருக்கீங்க" என்பார்கள். எங்களுக்குப் பெருமை தாங்காது.

ஏழாவது மாதத்தில் அவன் நொண்டத் தொடங்கினான். படியேறும்போது இரண்டு பின்னங்கால்களையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போல் தாவினான். எக்ஸ்ரே படத்தில் இடுப்பு மூட்டுகள் இரண்டும் சரியாகப் பொருந்தாமல் இருந்தது தெரிந்தது. "இந்தக் குறை பிறப்பு வழியில் வருவது. ஆனால், இவன் சுமந்த எடை அதை முன்கூட்டியே கொண்டுவந்துவிட்டது" என்றார் கால்நடை மருத்துவர். ஆறாவது வயதில் ராஜாவால் எழுந்து நிற்கவே முடியவில்லை. அவனை வலியின்றி அனுப்பி வைக்க நாங்கள் ஒப்புக்கொண்ட அந்த நாளை இன்றும் மறக்க முடியவில்லை.

அதன் பிறகு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன். குட்டி வளர்க்கும் அன்பர் ஒருவருக்கேனும் இது பயன்பட்டால் மகிழ்ச்சி.

பெரிய இனம் என்பது எது?

முழு வளர்ச்சியில் 25 கிலோவுக்கு மேல் எட்டும் இனங்களைப் பொதுவாகப் பெரிய இனம் எனலாம். அமெரிக்காவில் கால்நடைத் தீவனத் தரத்தை வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு 70 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 32 கிலோவை எல்லையாகக் கொள்கிறது. அல்சேஷன், லாப்ரடார், ராட்வைலர் முதலியவை நாம் அடிக்கடி காணும் பெரிய இனங்கள். கிரேட் டேன் போன்றவை இவற்றையும் மிஞ்சிய இராட்சத இனங்கள்.

அல்சேஷன் குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஓராண்டில் 30 கிலோவை நெருங்கிவிடும். அதாவது அறுபது மடங்கு! மனிதக் குழந்தையோ முதல் ஆண்டில் மூன்று மடங்குதான் எடை கூடுகிறது. இந்த வேகத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

எலும்புக்குள் நடப்பது என்ன?

குட்டியின் நீள எலும்புகளின் முனைகளில் 'வளர்ச்சித் தட்டு' எனப்படும் குருத்தெலும்புப் பகுதி உண்டு. எலும்பு அங்கிருந்துதான் நீள்கிறது. அது முற்றிய எலும்பைவிட மென்மையானது. பெரிய இனங்களில் இந்தத் தட்டுகள் முழுமையாக மூட ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இராட்சத இனங்களில் இன்னும் தாமதமாகும். அதுவரை உடல் எடை முழுவதையும் இந்த மென்மையான பகுதிகளும் மூட்டுகளும்தான் தாங்கியாக வேண்டும்.

இடுப்பு மூட்டு, கிண்ணத்துக்குள் பந்து உருள்வது போன்ற அமைப்பு. குட்டி வளரும் காலத்தில் பந்தும் கிண்ணமும் ஒன்றுக்கொன்று பொருந்தி உருவாக வேண்டும். தளர்ச்சியான மூட்டின்மீது அளவுக்கு மிஞ்சிய எடை ஏறினால் அந்தப் பொருத்தம் கெடுகிறது. இக்குறை பரம்பரையாக வருவது உண்மையே. எனினும், அது எவ்வளவு கடுமையாக வெளிப்படும் என்பதில் உணவுக்கும் எடைக்கும் பெரும் பங்கு உண்டு.

இங்கே ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். நாய் எவ்வளவு உயரம் வளரும் என்பதைப் பெரும்பாலும் அதன் மரபணுவே முடிவு செய்கிறது. சத்துக் குறையாத உணவை அளவோடு கொடுத்தால் குட்டி குள்ளமாகிவிடாது. அதே உயரத்தைச் சற்று மெதுவாக எட்டும். அவ்வளவுதான்.

ஆய்வுகள் கூறுவது

அமெரிக்காவில் 1987-ஆம் ஆண்டு 48 லாப்ரடார் குட்டிகளைக் கொண்டு ஓர் ஆய்வு தொடங்கப்பட்டது. ஒரே ஈற்றில் பிறந்தவற்றை 24 இணைகளாகப் பிரித்தார்கள். ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு அதன் உடன்பிறப்பு உண்டதைவிடக் கால் பங்கு குறைவாக உணவு கொடுக்கப்பட்டது. 2002-இல் வெளியான முடிவின்படி, அதிகம் உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, அளவோடு உண்டவற்றுக்கு 13 ஆண்டு. இடுப்பு மூட்டுக் குறையும் மூட்டு வாதமும்கூட மெலிந்த நாய்களிடையே குறைவாகவும் தாமதமாகவுமே தோன்றின.

சுண்ணாம்புச் சத்து பற்றி நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் கிரேட் டேன் குட்டிகளிடம் ஆராய்ந்தார்கள். இளங்குட்டியின் குடலுக்கு மிகையான சுண்ணாம்புச் சத்தை வேண்டாமென்று தள்ளும் ஆற்றல் போதாது. கொடுத்ததில் பெரும்பகுதியை உள்வாங்கிவிடுகிறது. அதனால் எலும்பு வளர்ச்சியே கோணலாகிறது. ஆகவேதான் பெரிய இனக் குட்டிகளின் தீவனத்தில், ஈரப்பதம் நீக்கிய எடையில் சுண்ணாம்புச் சத்து 1.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று ஆஃப்கோ வரையறுத்துள்ளது. நான் கலந்த மாத்திரை ராஜாவுக்கு நன்மை செய்யவில்லை என்பதை இதைப் படித்தபோதுதான் புரிந்துகொண்டேன்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வெறும் சோறும் இறைச்சியும் மட்டுமே கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்து எலும்பு மெலிந்து முறியக்கூடும். எனவே, பெரிய இனக் குட்டிகளுக்கென்றே தயாரிக்கப்பட்ட தீவனம் பாதுகாப்பானது. அத்துடன் மாத்திரை எதுவும் சேர்க்கக்கூடாது. வீட்டில்தான் சமைத்துப் போட வேண்டும் என்றால் மருத்துவரிடம் அளவுகளைக் கேட்டே செய்ய வேண்டும்.

கையால் அறிவோம்

எடைக் கருவி காட்டும் எண் மட்டும் போதாது. ஒரே வயதுள்ள இரு குட்டிகள் எலும்பமைப்பில் வேறுபடலாம். கால்நடை மருத்துவர்கள் 1 முதல் 9 வரை புள்ளியிட்டு உடல்வாகை மதிப்பிடுகிறார்கள். 1 என்றால் எலும்பும் தோலும்; 9 என்றால் மிகை பருமன்; 4 அல்லது 5 சரியான நிலை. இதை வீட்டிலேயே மூன்று வகையில் சோதிக்கலாம்.

முதலாவது, விலாவைத் தடவிப் பார்த்தல். உங்கள் கையைத் தட்டையாக விரித்துப் புறங்கையின் முட்டிகளை மறுகை விரலால் தடவுங்கள். குட்டியின் விலா அப்படித் தட்டுப்பட்டால் சரி. முட்டியை மடக்கித் தடவும்போது இருப்பதுபோல் துருத்திக்கொண்டிருந்தால் மெலிவு. உள்ளங்கையின் சதைப்பகுதிபோல் மெத்தென்று இருந்து எலும்பைத் தேட வேண்டியிருந்தால் பருமன். அல்சேஷன் போன்ற அடர்ந்த ரோமமுள்ள இனங்களில் கண் ஏமாற்றும், கை ஏமாற்றாது.

இரண்டாவது, மேலிருந்து பார்த்தல். விலாவுக்குப் பின்னால் இடை சற்றுக் குறுகித் தெரிய வேண்டும். உடல் உருளைபோல் நேராக இருந்தால் எடை மிகுதி.

மூன்றாவது, பக்கவாட்டில் பார்த்தல். நெஞ்சுக்குப் பின்னால் வயிற்றுக் கோடு மேல்நோக்கி ஏற வேண்டும். விலா துருத்திக்கொண்டு வயிறு மட்டும் உப்பியிருந்தால் அது கொழுப்பன்று, குடற்புழுவாக இருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதே நலம்.

எடையைக் குறித்து வைப்போம்

வாரம் ஒரு முறை, ஒரே நாளில் எடை பாருங்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளலாம். தூக்க முடியாத அளவு வளர்ந்துவிட்டால் கால்நடை மருத்துவமனையில் பார்க்கலாம். 2017-இல் வால்தம் ஆய்வு மையத்தினர், கிளினிக்கில் நம் குழந்தைகளுக்குக் குறிப்பதுபோன்ற வளர்ச்சி வரைபடத்தை நாய்க்குட்டிகளுக்கும் உருவாக்கினார்கள். குட்டி எந்தக் கோட்டில் தொடங்கியதோ ஏறக்குறைய அதே கோட்டை ஒட்டியே வளர வேண்டும். மேலுள்ள கோடுகளைத் தாண்டி ஏறினாலும், கீழே சரிந்தாலும் காரணத்தைத் தேட வேண்டும்.

கடைப்பிடிக்க வேண்டியவை

* உணவை அளந்து போடுங்கள். தட்டை நாள் முழுவதும் நிரப்பி வைக்காதீர்கள்.
* ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதன் பின் இரண்டு வேளை போதும்.
* விலா தட்டுப்படாவிட்டால் உணவில் பத்து விழுக்காடு குறைத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி தடவிப் பாருங்கள்.
* பிஸ்கட் முதலிய தின்பண்டங்கள் ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.
* கருத்தடை செய்த பிறகு உணவுத் தேவை குறையும், அளவை மாற்றுங்கள்.
* புல்தரையில் தானாக ஓடி விளையாட விடுங்கள். சைக்கிளுக்குப் பின்னால் ஓட வைப்பதும், உயரத்திலிருந்து குதிக்க வைப்பதும் வேண்டாம்.
* நொண்டல் ஓரிரு நாளில் சரியாகவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம்.

நிறைவாக

மூன்று ஆண்டுகள் கழித்து மணி வந்தான். அவனும் அல்சேஷன்தான். நான்கு மாதத்தில் 16 கிலோ. அம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. "என்னா இது, விலா எலும்பு கைல தட்டுது. பாக்கறவங்க நாம சோறே போடலன்னு நினைப்பாங்க" என்று வருந்தினார். நான் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, முதலில் புறங்கையையும் பிறகு மணியின் விலாவையும் தடவிப் பார்க்கச் செய்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "ராஜாவுக்கு இந்த எலும்பே தெரியாதுல்ல?" என்று மட்டும் கேட்டார். அன்று முதல் மணியின் உணவை அளப்பவர் அம்மாதான்.

நம் வீடுகளில் அன்பைச் சோற்றால் அளப்பது வழக்கம். குட்டி தட்டை நக்கிவிட்டு ஏறிட்டுப் பார்த்தால் இன்னும் ஒரு கரண்டி போடத்தான் கை வரும். ராஜாமீது நாங்கள் வைத்த அன்பில் குறையில்லை, அளவில்தான் குறை. வாசகர்கள் வீட்டில் பெரிய இனக் குட்டி இருந்தால், இன்று மாலையே அதன் விலாவை ஒரு முறை தடவிப் பாருங்கள்.