கமிட்டி மீட்டிங்கில் வாயைத் திறங்கள்

டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் வேலைக்கு அப்ளை பண்ணப் போகிறீர்களா? போட்டியைத் தெரிந்துகொண்டு போங்கள். நர்ஸிங் முடித்தவர், எம்.எஸ்.டபிள்யூ முடித்தவர், சித்த மருத்துவர் எல்லாரும் அதே நாற்காலிக்குத்தான் வருவார்கள். 2014-ம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகள் அத்தனை பேருக்கும் இடம் கொடுக்கின்றன. கோஆர்டினேட்டர் இல்லாத மருத்துவமனைக்கு உறுப்பு மாற்றுப் பதிவே கிடையாது என்பதால் ஆள் எடுத்தே ஆகவேண்டும். ஆனால் ரெஸ்யூமேக்கள் ஒரே அச்சு: கவுன்சலிங், கம்யூனிகேஷன், டீம் ஒர்க். தனித்துத் தெரிய ஒரு வழி சொல்கிறேன். மாற்றுத்திறனாளி ஒருவரின் ஃபைல் வந்தால் அதை முடித்துக் காட்டுகிற ஆள் என்று பெயர் எடுங்கள்.

1. ஒரு கேஸைக் கரைத்துக் குடியுங்கள். சாண்ட்ரா ஜென்சன், கலிஃபோர்னியாக்காரர், டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். பிறவி இதயக் கோளாறால் இதயம், நுரையீரல் இரண்டையும் மாற்றவேண்டிய நிலை. 1995-ல் ஸ்டான்ஃபோர்டு, சான் டியாகோ பல்கலைக்கழக மருத்துவமனைகள் இரண்டும் கைவிரித்தன. அறுவைக்குப் பிந்தைய மருந்து முறையை இவரால் கடைப்பிடிக்க முடியுமா என்ற சந்தேகம்தான் காரணம். இத்தனைக்கும் தன் வாழ்க்கையைத் தானே நடத்தி, மற்ற மாற்றுத்திறனாளிகளுக்காகவும் குரல் கொடுத்தவர் அவர். எதிர்ப்பு கிளம்பியது. 1996 ஜனவரியில் அதே ஸ்டான்ஃபோர்டில் அறுவை நடந்தது. இப்படிப் பாரபட்சம் காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தைக் கலிஃபோர்னியா அந்த ஆண்டே கொண்டுவந்தது. ஜென்சன் ஒரு வருடத்துக்கு மேல் வாழ்ந்து, 1997-ல் இறந்தார்.

2. மறுப்பு எங்கே நடக்கிறது என்று பாருங்கள். காத்திருப்போர் பட்டியலில் யாரும் பெயரை அடிப்பதில்லை. பெயர் அங்கே போவதற்கு முன்பே, ஓ.பி.யில், ரெஃபரல் லெட்டரில், உறுப்பு மாற்றுக் கமிட்டியில், “இவங்களுக்கு எதுக்குங்க” என்று ஒருவர் சொல்லிவிடுவார். அந்தக் கமிட்டி மேஜையில் நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

3. அங்கே ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “டாக்டர், இந்தக் குறைபாடு மாற்றப்போகும் உறுப்பை எப்படிப் பாதிக்கும்?” கட்டுப்படாத தொற்று, பரவிய புற்றுநோய் என்று பதில் வந்தால் அது மருத்துவக் காரணம்; வாதாடாதீர்கள், மரியாதை போய்விடும். ஐ.க்யூ மட்டும்தான் காரணம் என்றால், “மினிட்ஸில் அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா சார்?” என்று பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் வரும் என்றதும் நிறைய ‘முடியாது’கள் ‘பார்க்கலாம்’ ஆகிவிடும்.

4. கேள்வியோடு நிறுத்தினால் உங்களுக்கு வாயாடி என்றுதான் பெயர் கிடைக்கும். பிளானோடு போங்கள். மாற்றிய உறுப்பை உடல் நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை பொதுவாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. ரத்தப் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைப் போடாமல் வரவேண்டும். படித்தவர்களே இதில் சொதப்புவார்கள். எனவே பட அட்டவணை, நாள்வாரி மாத்திரை டப்பா, போன் அலாரம். பார்வையில்லாதவருக்கு ஒவ்வொரு டப்பாவிலும் தொட்டுத் தெரிகிற அடையாளம். அம்மா மட்டும் போதாது; அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தால் யார் என்று இரண்டாவது பெயரும் போன் நம்பரும் ஃபைலில் இருக்கட்டும். ‘தானாகச் செய்வாரா’ என்ற கேள்வியை ‘இத்தனை உதவி இருந்தால் நடக்குமா’ என்று மாற்றுவதுதான் உங்கள் சம்பளத்துக்கான வேலை.

5. சட்டத்தை நம்பரோடு சொல்லுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பிரிவு 3 பாரபட்சத்தைத் தடுக்கிறது. நியாயமான வசதி செய்துதர மறுப்பதும் பாரபட்சம்தான் என்கிறது அதே சட்டம். பிரிவு 25 சிகிச்சையில் முன்னுரிமை கேட்கிறது. பிரிவு 92: முதல் மீறலுக்கு ₹10,000 வரை அபராதம், மறுபடி மீறினால் ₹50,000 முதல் ₹5 லட்சம் வரை. நிர்வாகத்துக்கு இந்தக் கடைசி வரிதான் சட்டென்று புரியும். அமெரிக்க வேலைக்குக் குறிவைக்கும் நர்ஸுகளுக்கு: அந்த நாட்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ம் பிரிவின்கீழ் 2024-ல் வந்த விதியைப் படித்துவிட்டுப் போங்கள். குறைபாட்டைப் பற்றிய முன்முடிவை வைத்துச் சிகிச்சையை மறுப்பதை அது நேரடியாகத் தடுக்கிறது.

6. நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். “சாப்பிட்டாராம்மா?” என்று அட்டெண்டரிடம் கேட்கிற பழக்கத்தை முதல் வாரமே விடுங்கள்.

7. இன்டர்வியூவில் இப்படி ஒரு கேள்வி வரலாம்: “காது கேளாத நோயாளி, கூட அண்ணன் வந்திருக்கிறார். சம்மதப் படிவத்தை யாரிடம் கொடுப்பீர்கள்?” சைகை மொழி தெரிந்தவரை வரவழைத்து நோயாளியிடமே விளக்குவேன், கையெழுத்தும் அவரிடமே வாங்குவேன் என்று சொல்லுங்கள். “சீனியரைக் கேட்பேன்” என்றால் அடுத்த கேண்டிடேட்டைக் கூப்பிட்டுவிடுவார்கள்.